குட்டை பேஸுக்கு நாலு கம்பி

1

ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கி இந்த மாதத்தோடு எட்டு வருடம் முடிகிறது. நானாக அதை நினைத்துப் பார்க்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, "சிலோன்ல இருந்து வந்து எத்தனை வருஷம்?" என்று ஒருவர் கேட்டதால் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

இலங்கை மலையகத்தில் வட்டகொடை, தலவாக்கலை, அட்டன் பக்கம் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். கல்யாணங்களிலும் மாதா திருவிழாவிலும் நாலு பேர் பேண்டு ஒன்று வாசிக்கும். அதில் ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டு நின்ற சவரிமுத்து நான்தான். என் கையில் இருந்தது பேஸ் கித்தார். நாலே கம்பி, எல்லாம் தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் ஓடும் சத்தம் அதிலிருந்து வருவது. அதை வாசிக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் ஞாபகமில்லை என்றாலும் வருத்தமில்லை.

இப்போது நீலகிரியில் ஒரு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். தொழிற்சாலையில் மிஷின் பார்க்கும் வேலை. அதே மலை, அதே பனி, அதே கொழுந்து வாடை. தாயகம் திரும்பியவர்கள் என்று அரசாங்கக் காகிதத்தில் எங்களுக்குப் பேர். சந்தையில் சிலோன்காரன்.

மூன்று வாரத்துக்கு முன் தபால்காரர் ஒரு சீட்டுக் கொடுத்தார். இலங்கையிலிருந்து பார்சல், நேரில் வரவும். அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். அட்டனில் இருக்கும் என் கூட்டாளி இருதயராஜ், பேஸுக்குக் கம்பி அனுப்புவதாக எழுதியிருந்தான். அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தபாலாபீசுக்குப் போனேன்.

சீட்டை வாங்கிப் பார்த்த கிளார்க், என்னையும் ஒருதரம் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"ஆமாங்க."

"பார்சல் இங்க இல்ல. ஸ்டேஷன்ல இருக்கு."

"ரயில்வே ஸ்டேஷன்லங்களா?"

"போலீஸ் ஸ்டேஷன்ல" என்றவர், எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டுவிட்டார்.

2

அந்த பேஸ் என் கைக்கு வந்தது, தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம். எங்கள் அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். துரை குடும்பம் சீமைக்குப் பெட்டி கட்டியபோது, துரையின் மகள் வாசித்த பேஸ் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. மாதாகோயிலில் நான் கித்தார் வாசிப்பது அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அது குட்டை பேஸ். சாதாரண பேஸைவிடக் கம்பி ஓடும் நீளம் நாலு அங்குலம் குறைவு. சின்னக் கை உள்ளவர்களுக்கென்றே செய்வது. எனக்கும் சின்னக் கைதான். கழுத்தைப் பிடித்ததுமே எனக்கென்று அளவெடுத்த மாதிரி இருந்தது. அந்த நாலு அங்குலம் என்னை இத்தனை வருடம் அலைக்கழிக்கும் என்று அன்றைக்கு யார் கண்டது?

ஆறு மாதத்தில் தடித்த கம்பி அறுந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியற்காலையில் வரிசையில் நின்றோம். ஒரு கொத்து அரிசி கொண்டுபோனால்கூடப் போலீஸ்காரர்கள் ரோட்டில் மறித்துப் பையைத் திறந்து பார்த்தார்கள். கித்தார் கம்பிக்கு எங்கே போவது? கண்டியில் கேட்டேன். கொழும்புக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியில் சைக்கிள் பிரேக் கேபிளை உருவி மாட்டினேன்.

இருதயராஜை எல்லோரும் இருதயம் என்றுதான் கூப்பிடுவோம். பேண்டில் கித்தார் வாசிப்பவன். அட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேணாம்டா சவரி, விரல் கிழிஞ்சிரும்" என்றான்.

"கிழியட்டும். சனிக்கெழம கல்யாணத்துக்கு அடிச்சத்தம் இல்லாம என்னா செய்றது?"

விரல் கிழிந்தது. சத்தம் வந்தது, ஆனால் ஒல்லியாக, தகரத்தைத் தட்டிய மாதிரி வந்தது. அதைத் தடிக்கவைப்பதற்காகத்தான் இருதயம் அந்தப் பெட்டியைச் செய்தான். செத்துப்போன ரேடியோ ஒன்றிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர். பழைய லொறியில் டிரைவர் காலால் மிதித்து முன்விளக்கைத் தாழ்த்துவாரே, அந்த சுவிட்ச். எல்லாவற்றையும் பால்மா டின்னுக்குள் வைத்து, மூடியில் சுவிட்சை இறுக்கினான். கித்தாருக்கும் ஆம்பிளிஃபையருக்கும் நடுவில் தரையில் கிடக்கும். மிதித்தால் சத்தம் கரகரத்துப் பருத்துவிடும். திரும்ப மிதித்தால் பழையபடி ஆகிவிடும்.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாவது பாட்டில் டின்னை மிதித்தேன். மேசையில் இருந்த கிளாஸ்கள் கிணுகிணுத்தன. மானேஜர் ஓடிவந்து, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். இருதயம் வாசிப்பதை நிறுத்தாமலே, "இல்ல மஹத்தயா, இப்பத்தான் சரியாச்சு" என்று அவர் பாஷையிலேயே சொன்னான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் பேஸுக்குக் கை தட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

3

நான் ஊரை விட்டது யுத்தத்தால் இல்லை, வேலை தேடியும் இல்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தால். நாடற்றவர்களாக இருந்த எங்களை இரண்டு அரசாங்கங்களும் தலைக்கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தபோது, அப்பா குடும்பத்தோடு இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டுவிட்டார். இருதயத்தின் அப்பா இலங்கைக்கு எழுதினார். இரண்டு பேரும் தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்து லயக் காம்பராவில் இருந்தவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய காகிதங்கள்.

"என்னையக் கேக்காம ஏம்ப்பா எழுதுனீங்க?" என்று பின்னால் ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"அப்ப உனக்குப் பதினாறு வயசு. உன்னையக் கேட்டு என்னா செய்ய?" என்றார் அப்பா.

மாற்ற முடியுமா என்று நுவரெலியாக் கச்சேரிக்குப் போனேன், அங்கே அரசாங்க அலுவலகத்துக்கு அதுதான் பேர். அங்கே கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். கொழும்பில் ஒரு ஜன்னலில் நின்றால் அடுத்த ஜன்னலைக் காட்டினார்கள். அடுத்த ஜன்னலில், இது கச்சேரியில் முடிக்க வேண்டிய விஷயம் என்றார்கள். நான் மூன்று தடவை போய் வந்தேன். நான்காவது தடவை போவதற்குள் பாஸ்போர்ட் வந்துவிட்டது, இந்தியப் பாஸ்போர்ட். அதற்குள் நாட்டில் ஆட்சி மாறி, கடைகளில் வெளிநாட்டுச் சாமான் வந்து குவியத் தொடங்கியிருந்தது. கித்தார் கம்பியும் வந்திருக்கும். நான் மனைவி லூர்துவையும் நாலு வயது மகள் ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினேன்.

டின் இருதயத்திடமே இருந்துவிட்டது. பேஸ் என்னோடு வந்தது. ராமேஸ்வரத்தில் சுங்க அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு கம்பிதான இருக்கு. மீதி ரெண்டு எங்க?"

"இதுக்கு நாலுதாங்க."

அவர் நம்பவில்லை. சாமான் பட்டியலில் 'உடைந்த கித்தார் - 1' என்று எழுதிக்கொண்டார்.

இங்கே வந்து முதல் வருடம் முகாம், இரண்டாம் வருடம் வேலை, மூன்றாம் வருடம்தான் கம்பி வாங்கக் கோயம்புத்தூர் போனேன். கடையில் ஒரே அளவுதான், பெரிய பேஸுக்கானது. நீளம் கூட இருந்தால் என்ன, வெட்டிக்கொள்ளலாம் என்று வாங்கிவந்தேன். பேஸ் கம்பி என்பது ஒரே கம்பி இல்லை. நடுவில் ஒரு கம்பி ஓடும், அதன்மேல் இன்னொன்றை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று நழுவித் தளர்ந்துவிடும். எனக்கு அது தெரியாது. குறட்டால் வெட்டினேன். மாட்டி முறுக்கித் தட்டினால் 'டொக்' என்றது, மரப்பலகையைத் தட்டியது போல. நாலும் போயிற்று.

அடுத்த தடவை மடக்கிவிட்டு வெட்டினேன். அப்போது தடித்த பாகம் முறுக்காணியின் பொந்துக்குள் நுழையவில்லை. ராவி ராவி நுழைத்தேன். அதை வைத்துக்கொண்டுதான் இங்கே பங்குக் கோயிலில் ஐந்து வருடம் வாசித்தேன். போன வருடம் அவையும் ஒவ்வொன்றாக அறுந்தன. பேஸ் சுவரில் மொட்டையாகத் தொங்கியது.

கம்பி ஓடும் நீளத்துக்கு ஒரு நூலை அளந்து வெட்டி, கடிதத்துக்குள் வைத்து இருதயத்துக்கு அனுப்பினேன். எண்பத்து மூன்று கலவரத்தில் கடையைப் பறிகொடுத்தவன் அவன். பிறகு கொத்மலை அணைக்கட்டு வேலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்திருந்தான். அங்கே வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் பேஸ் வாசிப்பவராம். ஊருக்குப் போனபோது அந்த நூலையும் எடுத்துப்போய், சரியான அளவில் ஒரு செட் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். இருதயம் சும்மா கம்பியை மட்டும் அனுப்புவானா? பேஸுக்கென்றே புதிதாக ஒரு டின்னும் செய்து, சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டான்.

இலங்கையில் சண்டை நடக்கிற நேரத்தில், இலங்கை முத்திரை ஒட்டி, தமிழன் பேருக்கு, ஒயரும் பேட்டரியும் சுவிட்சும் வைத்த ஒரு டின்.

4

இன்ஸ்பெக்டர் மேசையில் டின் இல்லை. அதன் போட்டோதான் இருந்தது. டின்னைக் கொல்லைப்புறத்தில் மணல் வாளிக்குள் வைத்திருந்தார்கள்.

"இது என்ன?"

"கித்தாருக்குப் போடுறதுங்க. மிதிச்சா சத்தம் மாறும்."

"எதுல செஞ்சிருக்கு?"

"பால்மா டின்னுலங்க."

"மான்னா? மாவா? என்ன மாவு?"

பால்மா என்ற சொல் இங்கே கிடையாது என்பது எட்டு வருடம் கழித்து அந்த நிமிடத்தில் மறந்துபோனது. அவசரமாகத் திருத்தினேன். "பவுடருங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன பவுடர்?"

"பால் பவுடர் சார். புள்ளைங்க குடிக்கிறது. டின்னு மட்டுந்தான், உள்ள பவுடர் இல்ல."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். பார்சலுக்குள் இருந்த இருதயத்தின் கடிதம். இரண்டு இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. அவரே வாசித்தார், சத்தமாக.

"'மிதிச்சா மண்டபமே அதிரும். பக்கத்துல புள்ளைங்கள நிக்க வைக்காத.' இதுக்கு என்னய்யா அர்த்தம்?"

 ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் காது வலிக்கும் என்பதற்காக எழுதியது என்றேன். நுவரெலியா ஹோட்டலைச் சொன்னேன். பேண்டைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. கித்தார் இருப்பதற்கு அத்தாட்சி கேட்டார். குடும்ப அட்டையோடு பத்திரமாக வைத்திருந்த சுங்கப் பட்டியலைக் கொடுத்தேன்.

"உடைஞ்ச கித்தாருன்னு போட்டிருக்கு. உடைஞ்ச கித்தாருக்கு எதுக்குய்யா கம்பி?"

அன்றைக்கு மட்டுமல்ல, தொடர்ந்து மூன்று நாள் காலையில் வந்து வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அடிக்கவில்லை, மரியாதைக் குறைவாகக்கூடப் பேசவில்லை. உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான். தோட்டத்து ஆபீசில் லீவுக்கு என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல், வயிற்றுவலி என்று எழுதினேன்.

ஸ்டேஷனுக்கு எதிரில்தான் ரெஜினா கான்வென்ட்டுக்கு பஸ் ஏறும் இடம். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் இருந்த வட்டகொடை அவளுக்குக் கொஞ்சமும் ஞாபகமில்லை. வீட்டில் நாங்கள் "என்னாத்துக்கு" என்றால் "எதுக்கு" என்று திருத்துவாள். தோழிகளிடம் சொந்த ஊர் திருச்சி என்று சொல்லி வைத்திருக்கிறாள். குடும்ப அட்டையிலும் எங்கள் பூர்வீகம் அப்படித்தான் இருக்கிறது, பொய் என்று நான் எப்படிச் சொல்ல? இரண்டாம் நாள் காலை, தோழிகளோடு நின்றவள் பெஞ்சில் என்னைப் பார்த்தாள். பிறகு பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் ஏறும்வரை திரும்பவில்லை. அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் அந்தப் பத்து நிமிடம், கச்சேரி ஜன்னல்களில் நின்ற மொத்த நாட்களையும்விட நீளமாக இருந்தது.

லூர்து மட்டும் ஒரே வார்த்தையில் கேட்டாள். "கம்பி இல்லாட்டி செத்தா போயிருவோம்? எழுதிக் குடுத்துட்டு வாங்களேங்க, எனக்கு வேணாம்னு."

எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்று எழுதினால், அனுப்பிய இருதயம்தான் குற்றவாளி என்று ஆகிவிடும். அங்கே அவன் பேரைக் கேட்டு ஒரு கடிதம் போனால், அந்த ஊரில் இன்றைக்கு அவன் கதி என்ன ஆகும்?

5

மூன்றாம் நாள் நானே சொன்னேன். "சார், வாசிச்சுக் காட்டுறேன். வேணும்னா நீங்க எல்லாரும் தூரமா நின்னுக்கங்க."

அவருக்கும் சலித்துப்போயிருக்க வேண்டும், சரி என்றார். கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் பாஸ்கரனைக் கெஞ்சி, ஆம்பிளிஃபையரோடு கூட்டி வந்தேன். சுவரிலிருந்து பேஸை இறக்கித் துடைத்துக்கொண்டு வந்தேன். மாட்டுவதற்குக் கம்பி வேண்டுமே என்றதும் கான்ஸ்டபிள் ஒரு கவரை நீட்டினார்.

நாலு கம்பி. நூலளவுக்குச் சரியாக, தலைப்பக்கம் பட்டு நூல் சுற்றி, பளபளவென்று. மெல்லிய இரண்டும் முழுசாக இருந்தன. தடித்த இரண்டும் நடுவில் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய இடத்தில் சுற்று பிரிந்து சுருள் சுருளாகத் தொங்கியது.

"யாருங்க இத வெட்டுனது?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்ல?" என்றார் கான்ஸ்டபிள், சாதாரணமாக.

கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோபப்படுவதற்குக்கூட அவர் முகத்தில் இடமில்லை. அவர் வேலையை அவர் செய்திருக்கிறார்.

மெல்லிய இரண்டை மட்டும் மாட்டினேன். டின்னை மணலிலிருந்து எடுத்துவந்து வராந்தாவில் வைத்தார்கள். எல்லோரும் வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கினார்கள், பாஸ்கரன் உட்பட. ஒயரைச் செருகி மிதித்தேன்.

ஒன்றும் இல்லை. திரும்ப மிதித்தேன். அப்போதும் இல்லை.

"என்னய்யா, வேலையே செய்யலையே?" என்றார் இன்ஸ்பெக்டர் மரத்தடியிலிருந்து. அவர் குரலில் சந்தேகம் திரும்பவும் ஏறியிருந்தது.

மூடியைத் திறந்தேன். பேட்டரியிலிருந்து போகும் சிவப்பு ஒயரை முன்ஜாக்கிரதையாக யாரோ கத்தரித்திருந்தார்கள். பாஸ்கரனிடம் சால்டரிங் இரும்பு இருந்தது. கிட்டே வரமாட்டேன் என்று தூரத்திலிருந்து நீட்டினான். நானே பற்றவைத்தேன். உள்ளே இருதயத்தின் வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு இணைப்பும் மணி மணியாக இருந்தது. பழைய டின் மாதிரி கூளமாக இல்லை. பொறுமையாக, நாள் கணக்கில் உட்கார்ந்து செய்திருக்கிறான்.

மூன்றாவது தடவை மிதித்துவிட்டுக் கம்பியைத் தட்டினேன். வராந்தாத் தகரம் நடுங்கியது. லாக்கப்பில் இருந்த ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். இரண்டு கம்பியில் என்ன வாசிக்க முடியுமோ அதை வாசித்தேன், அரை நிமிடம்.

இன்ஸ்பெக்டர் மெதுவாக நடந்து வந்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க சார்."

"இதுக்கா ஒருத்தன் கடல் தாண்டி அனுப்புறான்?"

 கம்பிகளுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். டின்னைக் கொடுக்கவில்லை. அதைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை போய்விட்டதாம். அங்கிருந்து உத்தரவு வராமல் அவரால் விட முடியாதாம்.

"நீங்களே பாத்தீங்களே சார், கித்தாருக்குத்தான்னு."

"நான் பாத்தேன். அவங்க பாக்கலையே" என்றார். நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்கு எப்போதும் தோல்வி.

6

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இரண்டு கம்பியோடு போனேன். ஒரு வருடம் கழித்து வாசிக்கிறேன். அடிச்சத்தம் இல்லாத பேஸ், எங்கே கை போனாலும் மேலேயே நின்றது. ஒவ்வொரு பாட்டிலும் இறங்க வேண்டிய இடம் வரும்போது விரல் வெறும் மரத்தில் போய் முட்டியது.

பூசை முடிந்ததும் பாட்டுக்குழு நடத்தும் சிஸ்டர் என்னிடம் வந்தார். "இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்தது. முன்னெல்லாம் தரை அதிரும், எனக்குத் தலைவலியே வந்துடும். இனிமே இப்படியே வாசிங்க."

"சரிங்க சிஸ்டர்" என்றேன். 

வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் ரெஜினா என்னோடு நடந்து வந்தாள். பாட்டுக்குழுவில் அவளும் பாடுகிறாள். வழக்கமாகத் தோழிகளோடு முன்னால் போய்விடுவாள். கொஞ்ச தூரம் வந்ததும், "அடியில ஒண்ணுமே இல்லப்பா" என்றாள்.

"என்னாது?"

"பாட்டுக்கு அடியில. நிக்க இடமில்லாம பாடுற மாதிரி இருந்துச்சு. சிஸ்டருக்கு அது தெரியல."

என்னாது என்றதை அவள் திருத்தவில்லை. நான் மூச்சு வாங்குகிற மாதிரி காட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், டின்னைத் திருப்பித் தரும்படி மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும், இங்கிலீஷில் எழுதினால்தான் பார்ப்பார்களாம் என்றேன். அவளே நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேர், விலாசம், பார்சல் நம்பர் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினாள். பொருளின் உபயோகம் என்ற இடம் வந்ததும் என்னைக் கேட்கவில்லை. யோசித்து, இரண்டு மூன்று வரி அவளாகவே எழுதினாள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். "என்னா எழுதியிருக்கனு சொல்லு."

தமிழில் சொன்னாள்: "இதை என் அப்பாவின் நண்பர் அப்பாவுக்காகச் செய்தார். காலால் மிதித்தால் கித்தாரின் சத்தம் பெரிதாகும். வேறு யாருக்கும் எதுவும் ஆகாது."

லூர்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரெஜினா எழுதியதை இன்னொரு தடவை வாசித்து, ஒரு எழுத்தைத் திருத்திவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை என் பக்கம் தள்ளினாள்.